மூச்சு விட்ட இடம்

மே 19, திங்கள்

படம் தயாரிக்கிறவர்கள் தினமும் குறிப்பு எழுதி வைக்க வேண்டும் என்று கார்மேகம் சொன்னான். யார் எதற்கு எப்போது ஒத்துக்கொண்டார்கள் என்று பின்னால் தகராறு வந்தால் வக்கீலிடம் காட்டலாமாம். அவன் இயக்குநர். வாழ்க்கையில் ஒரு வரியும் குறித்து வைத்தவனில்லை. யோசனை சொல்வது அவன் வேலை, அதைச் செய்துவிட்டுப் போய்விட்டான்.

சரி, வக்கீல் படிக்கப்போகிறார் என்றால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். என் பெயர் பியூலா. ஊர் தூத்துக்குடி. சென்னைக்கு வந்தது இசைக்காக. கீபோர்டு வாசித்தேன், ட்ராக் பாடினேன். பெயர் பெற்ற பாடகர் வந்து பாடும்வரை அந்த இடத்தைப் பிடித்து வைக்கிற குரலுக்குத்தான் ட்ராக் என்று பெயர். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதேதான். துண்டே ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் போய்ச் சேர்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஒலிப்பதிவுக்கு வயலின்காரர் வரவில்லை என்றால் போன் போட்டு வரவழைப்பது நான். ஒரே நேரத்துக்கு இரண்டு பேருக்கு ஸ்டுடியோவைக் கொடுத்துவிட்டார்கள் என்றால் பேசித் தீர்ப்பதும் நான். பாடுவதைவிட இது எனக்கு நன்றாக வருகிறது என்று எனக்கு முன்னால் மற்றவர்களுக்குத் தெரிந்துபோனது. கார்மேகம் தன் கதையைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் அலைந்துவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்து, "நீயே தயாரிச்சா என்ன?" என்று கேட்டபோது நான் சிரிக்கவில்லை. அதிலேயே அவன் ஜெயித்துவிட்டான்.

துறைமுகச் சாலையில் லாரிகளை எடை போடும் ஒரு பெண்ணின் கதை. 'எடைமேடை' என்று பெயர். பணம் போடுவது எங்கள் ஊர் தனுஷ்கோடி அண்ணாச்சி. நிஜமாகவே எடைமேடை வைத்திருக்கிறவர். தன் தொழிலை ஒருத்தன் சினிமாவாக எடுக்கிறான் என்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

என் கீபோர்டின் மேல் இப்போது படக் கோப்புகள் இருக்கின்றன. நல்ல உயரம். மேசையாக வசதி.

மே 30, வெள்ளி

லைட்மேன்களோடு பேச்சுவார்த்தை. அவர்களில் மூத்தவர் என்னைப் பார்த்து "மொதலாளி, ஒரு வார்த்தை" என்றார். நான் திரும்பி எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தேன். யாருமில்லை. சினிமாவில் தயாரிப்பாளரை அப்படித்தான் கூப்பிடுவார்கள், எனக்குத் தெரியாததா. இருந்தாலும் திரும்பிவிட்டேன்.

அம்மாவிடம் போனில் சொன்னபோது அவள் ரசிக்கவில்லை.

"மொதலாளியா? நீ பாட்டுக்குத்தானட்டி மெட்ராஸ் போன?"

அம்மாவுக்குப் படம் தயாரிப்பது என்றால் வட்டிக்கு விடுவது போல ஒரு தொழில். நம் குடும்பத்துக்கு ஆகாதது. அவள் எங்கள் கோயில் கொயரில், அதாவது பாடகர் குழுவில், இன்னும் ஆல்டோ என்கிற கீழ்க்குரல் பாடுகிறாள். என்னையும் சின்ன வயதிலேயே பக்கத்தில் நிறுத்திக்கொண்டவள். பாட்டில் வார்த்தைக்கு நடுவில் மூச்சு விட்டால் அங்கியின் மறைவில் கிள்ளுவாள். முகம் மட்டும் ஆண்டவரைப் பார்த்தபடி இருக்கும்.

ஜூன் 4, புதன்

சுகந்தனின் ஸ்டுடியோ சாலிகிராமத்தில் நான்காவது மாடியில். அவன்தான் படத்துக்கு இசை. லிஃப்ட் போன மாதமே நின்றுவிட்டது.

காலையில் படப்பிடிப்புக்காக வேனில் வந்த சமையல் பாத்திரங்களைப் பக்கத்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்கள். அந்த வீட்டுக்காரர் தெருவில் நின்று கத்துகிறார் என்று போன் வந்தது. இறங்கிப் போனேன். மன்னிப்பு கேட்டேன். வேன்காரரைச் சமாதானப்படுத்தினேன். வீட்டுக்காரர் என்னிடம் தன் மருமகனுக்கு சினிமாவில் ஆர்வம் உண்டு என்று சொல்லும் அளவுக்கு அமைதியானார். அதற்குள் மேலேயிருந்து சுகந்தன் போன். "பாட்டு இன்னிக்கே வேணும்ங்கிறான் கார்மேகம். சீக்கிரம் வந்து ஒரு ட்ராக் போட்டுட்டுப் போ."

ஓடி ஏறினேன். மைக் முன்னால் நிறுத்திவிட்டான். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

எடைமேடைக்காரி தன் கூண்டுக்குள் உட்கார்ந்து தனக்குத்தானே பாடுகிற பாட்டு. "எத்தன பாரம் எழுதி வச்சேன், எம் பாரம் யாரும் கேக்கலையே." நல்ல மெட்டு. ஆனால் 'கேக்கலையே'யில் எனக்கு மூச்சு முட்டிவிட்டது. 'கேக்க' என்று நிறுத்தி, காற்றை இழுத்து, பிறகு 'லையே' என்று முடித்தேன்.

"இன்னொரு தடவ பாடிடவா?"

"ட்ராக்தானே, விடு" என்றான் சுகந்தன்.

நானும் விட்டேன். கீழே அடுத்த வண்டி வந்திருந்தது.

அம்மா போன் செய்தபோது, இன்று பாடினேன் என்று சொன்னேன். அவள் குரலே மாறிவிட்டது.

"ஒங்க படத்துலயா?"

"ம்."

"வார்த்தைக்கு நடுவுல மூச்சு விடலல்லா?"

"இல்லம்மா."

ஜூன் 16, திங்கள்

தூத்துக்குடி. படப்பிடிப்பு. வெயில் மண்டையைப் பிளக்கிறது. உப்பும் நிலக்கரியும் ஏற்றிய லாரிகள் போகிற சாலை என்பதால் எல்லோருடைய முகமும் ஒரு பக்கம் வெள்ளையாகவும் மறுபக்கம் கறுப்பாகவும் இருக்கிறது. காலையில் தண்ணீர் கேன் வரவில்லை. மதியம் கேன் வந்தது, டம்ளர் வரவில்லை. நாயகியின் குடையைக் காணோம். நடிக்க வந்த லாரியின் டிரைவர் ஊருக்குப் போய்விட்டார், சாவியோடு.

இன்று பாட்டு. எடைக் கூண்டின் ஜன்னலில் நாயகி திலகாவின் முகம், வெளியே லாரிகள், முழுப் பல்லவியும் ஒரே ஷாட். வெட்டவே கூடாது என்று கார்மேகம் ஒற்றைக் காலில் நின்றான். திலகா பாண்டிச்சேரியில் நாடகம் செய்கிறவள். முதல் படம். என் ட்ராக்கை ஒரு வாரமாகக் காதில் மாட்டிக்கொண்டே திரிந்திருக்கிறாள்.

பாட்டை ஒலிக்க விடும் பெட்டியைப் படப்பிடிப்பில் நாக்ரா என்போம். நாக்ராவை ஸ்பீக்கரில் போட்டபோது நான் ஜெனரேட்டர்காரரோடு டீசல் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அதனால் பாட்டைக் கவனிக்கவில்லை. இரண்டாவது வரி வந்தபோது சாலையோரம் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு டிரைவர் கிளாஸை வாயருகே வைத்தபடி குடிக்காமல் நின்றார். கடைசி வரியில் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடிக்க, பக்கத்திலிருந்தவன் அவன் கையைத் தட்டிவிட்டான்.

'கேக்கலையே'யில் திலகா நடுவில் நிறுத்தி மூச்சை இழுத்தாள். தோள் இரண்டும் உயர்ந்து தாழ்ந்தன. அழவில்லை, அழுகைக்கு ஒரு படி முன்னால் நின்றுகொண்டாள். ஷாட் முடிந்ததும் யூனிட்டே கை தட்டியது.

"அந்த மூச்சு எப்படி யோசிச்சீங்க?" என்று கேமராமேன் கேட்டார்.

"நான் எங்க யோசிச்சேன்? பாட்டுல இருக்கு, அதையே செஞ்சேன்" என்றாள்.

சுற்றி நின்ற கூட்டத்தில் அம்மாவும் இருந்தாள். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள். ஸ்பீக்கரைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். பிறகு தூக்குப்பாத்திரத்தை என்னிடம் தந்து, "மீன் கொழம்பு. ஆறிப்போவும், சாப்பிடு" என்றாள். கண் சிவந்திருந்தது. நிலக்கரித் தூசி எல்லோர் கண்ணையும் அப்படித்தான் செய்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

குடை கிடைத்தது. மழை வந்தது. படப்பிடிப்பு இல்லை.

ஜூலை 22, செவ்வாய்

எடிட்டிங். பாட்டுக் காட்சியை இன்று முதல்முறையாகச் சேர்த்துப் பார்த்தோம். முடிந்ததும் சுகந்தன்தான் ஆரம்பித்தான்.

"ஜனங்க கேக்கப்போறது இந்தக் குரலத்தான். வேற யாரையும் நான் கூப்பிடப்போறதில்ல."

"நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றான் கார்மேகம். "பியூலா, உன் குரலே இருக்கட்டும்."

"பாக்கலாம்" என்றேன். வேறு என்ன சொல்வது. தயாரிப்பாளர் தன் படத்தில் தானே பாடினார் என்றால், காசு இருப்பவர்கள் பாடுகிறார்கள் என்று ஊரில் பேசுவார்கள். எனக்குப் பாடகி ஆசையெல்லாம் எப்போதோ போய்விட்டது.

மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டேன். ஸ்வீட் கடையைத் தாண்டும்போது அரைக் கிலோ ஜாங்கிரி வாங்கி எடிட்டிங் அறையில் எல்லோருக்கும் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை, தள்ளுபடியில் போட்டிருந்தான் என்றேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். படத்தில் என் குரல்தான் என்று. "எனக்குத் தெரியும்லா" என்றாள். "ஸ்பீக்கர்ல கேட்ட அன்னிக்கே தெரியும். நம்ம ரோஸ்லின் கிட்ட அப்பவே சொல்லிட்டேன். படம் வந்தா கொயர் முழுசும் ஒண்ணாப் போறம்னு பேசி வச்சிருக்கோம்."

ஆகஸ்ட் 11, திங்கள்

அண்ணாச்சி வந்திருந்தார். தெற்கே தியேட்டர்களில் படத்தை வெளியிடும் விநியோகஸ்தரையும் கூட்டி வந்தார். படம் பார்த்தார்கள். அண்ணாச்சி தன் எடைமேடையைத் திரையில் பார்த்ததும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். அவர் கடை போர்டு ஒரு ஓரத்தில் தெரிகிறது, அதைப் பார்த்ததும் கேட்க வேண்டாம்.

விநியோகஸ்தர் நல்ல மனிதர். சுற்றி வளைக்கவில்லை. படம் பிடித்திருக்கிறது, ஆனால் போஸ்டரில் போட ஒரு பெயர்கூட இல்லை, தெரிந்த பெயர் ஒன்றாவது இல்லாமல் தியேட்டர் கேட்க என்னால் முடியாது என்றார். அண்ணாச்சிதான் அதை நம் பாஷையில் சொன்னார்.

"எம்மா, படத்துல தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணும் இல்ல. பாட்டுலயாவது தெரிஞ்ச கொரல் ஒண்ணு வேண்டாமா? அந்த மிருணாளினிப் பொண்ணு பாடுச்சின்னா இவரு தியேட்டர் தாறேங்காரு. இல்லன்னா படம் பொட்டிக்குள்ளதான் கெடக்கும்."

"சரிங்க அண்ணாச்சி. யோசிச்சுச் சொல்றேன்."

"இந்த ட்ராக்கு பாடுன பிள்ளையும் நல்லாத்தான் பாடுதா. யாரு அது?"

கார்மேகம் என்னைப் பார்த்தான். நான் அண்ணாச்சியின் காபி ஆறுகிறதே என்று பார்த்தேன்.

"யாரோ ஒரு பொண்ணு அண்ணாச்சி" என்றேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கார்மேகம் சண்டை போட்டான். அண்ணாச்சியிடம் உண்மையைச் சொன்னால் ஒத்துக்கொள்வார் என்கிறான். ஒத்துக்கொள்வார்தான், நம் ஊர்ப் பெண் என்று. அப்புறம் தியேட்டர்? திலகா ஒரு வாரமாகத் தினமும் போன் செய்து எப்போது வெளியீடு என்று கேட்கிறாள். லைட்மேன்கள் தங்கள் படம் எப்போது வருகிறது என்று கேட்கிறார்கள். தங்கள் படமாம். அவர்களுக்கு நான் என்ன சொல்வது? என் குரல் நன்றாக இருந்தது, அதனால் படம் வரவில்லை என்றா?

"நீ பாடகியா, தயாரிப்பாளரா?" என்று கேட்டான்.

"தயாரிப்பாளர்."

"உன்ன நீயே வெட்டிக்கிற, பியூலா."

"வெட்டுறதுதான்டா என் வேலை."

நன்றாகச் சொல்லிவிட்டேன் என்று அப்போது தோன்றியது. அவன் கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகு அப்படித் தோன்றவில்லை. மிருணாளினியின் மேனேஜருக்குப் போன் செய்து தேதி கேட்டேன்.

மாலையில் கீபோர்டு மேலிருந்த கோப்புகளை எல்லாம் இறக்கினேன். தூசி தட்டினேன், அவ்வளவுதான். திரும்ப அடுக்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

அம்மாவிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்றும் சொல்லவில்லை. கோயில் முடிந்து வந்து அவளே கூப்பிட்டாள். கொயரில் எல்லோரும் படத்துக்கு ஒரே நிறத்தில் சேலை எடுக்கலாமா என்று கேட்கிறார்களாம். வேண்டாம்மா என்றேன். "ஏன், நாங்க என்ன கிழவியளா?" என்று கோபித்துக்கொண்டாள். அதற்குமேல் எப்படி ஆரம்பிப்பது?

செப்டம்பர் 3, புதன்

மிருணாளினி வந்து பாடினாள். லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை. அவள் நான்கு மாடியும் நிதானமாக, ஒவ்வொரு மாடியிலும் நின்று, பேசிச் சிரித்துக்கொண்டே ஏறினாள். அவளுடைய வெந்நீர் ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் நான்.

பாட்டைச் சொல்லித்தர வேண்டியவள் நான்தான். பாடிக் காட்டாமல், கீபோர்டில் வாசித்துச் சொல்லித்தந்தேன். இரண்டு முறை கேட்டாள், மூன்றாம் முறை பாடிவிட்டாள். அழகாகப் பாடினாள். பொறாமைப்படலாம் என்று பார்த்தால் அதற்கும் இடம் கொடுக்காத அளவுக்கு அழகு. 'கேக்கலையே' முழுதாக, நூல் பிடித்த மாதிரி வந்து, அதற்குப் பிறகுதான் மூச்சு. அம்மா பக்கத்தில் நின்றிருந்தால் கிள்ள வேண்டியிருக்காது.

போகும்போது என் கையைப் பிடித்து, "ரொம்ப நல்ல பாட்டு குடுத்திருக்கீங்க மேடம்" என்றாள். வாசல்வரை போய் காரில் ஏற்றிவிட்டேன். தயாரிப்பாளர் அப்படிச் செய்வது மரியாதை.

செப்டம்பர் 5, வெள்ளி

இப்படி ஒன்று நடக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றாமல் போனதே. எத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறோம்!

மிருணாளினியின் குரலைக் காட்சியோடு சேர்த்தான் சுகந்தன். எல்லாம் சரியாகப் போனது. 'கேக்கலையே' வந்தது. குரல் தடையில்லாமல் ஓடுகிறது, திலகாவின் வாய் நடுவில் நிற்கிறது, தோள் தூக்குகிறது, மூச்சு வாங்குகிறது. அவளுக்கு விக்கல் வந்த மாதிரி இருந்தது. எடிட்டர் சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நான் மூச்சு முட்டிப் பாடியது. ட்ராக்தானே என்று விட்டது. அதைக் கேட்டு ஒரு நல்ல நடிகை மனப்பாடம் செய்து, என் மூச்சையும் சேர்த்து நடித்துவிட்டாள். வெட்டி வேறு காட்சியைச் சொருகலாம் என்றால் ஒரே ஷாட். திரும்ப எடுக்கலாம் என்றால் திலகா அடுத்த படத்துக்காகத் தலைமுடியை ஒட்ட வெட்டிவிட்டாள், எடைமேடை முன்னாலுள்ள சாலையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள்.

கார்மேகம் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் முகத்தில் ஒரு சிரிப்பு.

"இப்ப என்ன பண்ணப்போற? அந்த முகத்துக்கு உன் குரல் ஒண்ணுதான் பொருந்தும். அண்ணாச்சிகிட்ட இத காட்டினா அவரே ஒத்துப்பாரு. உன் மேல தப்பே இல்ல."

உண்மைதான். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. நான் கேட்டு வாங்கவில்லை, தானாக வந்த காரணம். ஆசையாக இருந்தது. வக்கீல் படித்தாலும் படிக்கட்டும், ரொம்ப ஆசையாக இருந்தது. அம்மாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது. கொயர் ஒரே நிறச் சேலையில் வரலாம்.

காரணம் சொல்லித் தியேட்டர் வாங்க முடியாது. விநியோகஸ்தருக்கு வேண்டியது பெயர்.

"மிருணாளினிய திரும்பக் கூப்பிடு. அந்த மூச்சோட பாடச் சொல்லலாம்" என்றேன்.

செப்டம்பர் 10, புதன்

மிருணாளினி முணுமுணுக்காமல் வந்தாள். காட்சியை ட்ராக்கோடு போட்டுக் காட்டினோம். புரிந்துகொண்டாள். பாடினாள்.

வரவில்லை. 'கேக்க'வில் நிறுத்தினால் அடுத்த மூச்சு பயந்தவள் மூச்சு போல வந்தது. பிறகு தூங்குகிறவள் மூச்சு போல. ஒரு தடவை அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சின்ன வயசிலிருந்து வார்த்தைக்கு நடுவுல மூச்சு விடாதேன்னு அடிச்சு வளர்த்திருக்காங்க மேடம். அந்த இடத்துல எனக்கு மூச்சே வரமாட்டேங்குது. இது யார் பாடின ட்ராக்? எப்படி இவ்வளவு இயல்பா வந்துச்சு?"

"நாலு மாடி ஓடி ஏறி வந்து உடனே பாடினா வரும்" என்றான் சுகந்தன்.

அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். என் பேச்சுக் குரலையும் ட்ராக்கையும் சேர்த்துப் பார்த்திருப்பாள். பாடகிதானே, காது இருக்கும்.

"இவங்களே பாடியிருக்கலாமே" என்றாள், மெதுவாக.

"நீங்கதான் வேணும்" என்றேன். "நீங்க 'கேக்க'வோட நிறுத்துங்க. அப்புறம் கொஞ்சம் இடம் விட்டு 'லையே' மட்டும் பாடுங்க. நடுவுல இருக்கிறத நாங்க பாத்துக்கறோம்."

பாடினாள். சுகந்தன் என் ட்ராக்கைத் திறந்து, அந்த மூச்சை மட்டும் வெட்டி எடுத்து, அவளுடைய இரண்டு துண்டுகளுக்கு நடுவில் வைத்தான். திலகாவின் தோள் உயர்ந்தபோது சரியாக வந்து உட்கார்ந்தது. ஒட்டு தெரியவில்லை.

சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத் திரும்பப் போடச் சொன்னேன். இன்னொரு தடவையும். அதற்குப் பிறகும்.

"சிங்க் சரியாத்தான் இருக்கு பியூலா, வாயோட சேருது" என்றான் சுகந்தன். பிறகு, "டைட்டில்ல உன் பேரு போடவா? கூடுதல் குரல்னு?"

"மூச்சுக்கெல்லாம் பேர் போட்டா தியேட்டர்ல சிரிப்பாங்க" என்றேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

தணிக்கை முடிந்தது. ஒரு கெட்ட வார்த்தையை எடுக்கச் சொன்னார்கள். லாரி டிரைவர்கள் அதைவிட நல்ல வார்த்தை பேசிப் பார்த்ததில்லை என்று கார்மேகம் வாதாடினான். எடுத்துவிட்டோம். எனக்கு இடுப்பு வலி.

நவம்பர் 9, ஞாயிறு

அம்மாவிடம் இன்று சொல்லியே தீருவது என்று போன் செய்தேன். "அம்மா, அந்தப் பாட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"போஸ்டர் ஒட்டியிருக்கான் பழைய பஸ் ஸ்டாண்டுல. ஒன் பேரு கீழ சின்னதாப் போட்டிருக்கு. கண்ணாடி போட்டு வாசிச்சேன்" என்றாள்.

போஸ்டரில் மிருணாளினியின் பெயர் பெரிதாக இருக்கும். அதையும் வாசித்திருப்பாள். அதைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னாள்.

நவம்பர் 28, வெள்ளி

வெளியானது. காலைக் காட்சிக்குக் கூட்டம் சுமார். மாலையில் பரவாயில்லை. பாட்டை எல்லோரும் பாராட்டுகிறார்கள். மிருணாளினியின் குரலில் அந்த ஒரு மூச்சு கொன்றுவிட்டது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கார்மேகம் அதை எனக்கு அனுப்பிவிட்டு, கீழே ஒன்றும் எழுதவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

தூத்துக்குடி. கோயில் முடிந்து கொயர் மொத்தமும் மேட்னிக்கு வந்துவிட்டது. நல்லவேளை, சேலை ஒரே நிறமில்லை. பாப்கார்ன் டப்பாக்களோடு ஒரு வரிசையையே பிடித்துக்கொண்டார்கள். அம்மா என் பக்கத்தில். கோயிலில் நிற்கிற அதே பக்கம்.

ஆரம்பத்திலேயே திரையில் பெயர்கள் வந்தன. பின்னணிப் பாடகி: மிருணாளினி. நான் அம்மாவைப் பார்க்கவில்லை. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டது தெரிந்தது. இப்போதாவது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் முதல் லாரி வந்துவிட்டது.

பாட்டு வந்தது. கொயர் பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். அம்மா அசையவில்லை. 'கேக்க'வில் திலகா நின்றாள். மூச்சு வந்தது. அந்தப் பெரிய தியேட்டரில் நாலு பக்கமிருந்தும் வந்தது. அம்மாவின் கை சட்டென்று என் முழங்கை மேலே வந்து, பழைய இடத்தில் கிள்ளியது. கிள்ளிவிட்டு, அப்படியே பிடித்துக்கொண்டது. படம் முடியும்வரை எடுக்கவில்லை.

வெளியே வந்ததும் ரோஸ்லின் அக்கா என்னைக் கட்டிக்கொண்டார். "யம்மா, என்ன கொரலுட்டி! தேனாட்டம்லா இருக்கு!"

நான் வாயைத் திறந்தேன். அம்மா முந்திக்கொண்டாள். "அவ ரொம்ப அசந்துபோயிருக்கா ரோஸ்லின். பொறவு பேசுவோம்." என்னை இழுத்துக்கொண்டு போய் ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

ஆட்டோ தெருமுனை திரும்பியது.

"அது நீ பாடல" என்றாள்.

"இல்லம்மா. மாத்த வேண்டியதாப் போச்சு. அந்தப் பேர் இல்லன்னா தியேட்டர் கெடைக்காது. நான்தான் மாத்தச் சொன்னேன். ஒங்கிட்ட சொல்லணும் சொல்லணும்னு..."

"போஸ்டர் பாத்தன்னிக்கே தெரியும். நீயாச் சொல்லுவன்னு இருந்தேன்." ரோட்டைப் பார்த்தபடியே பேசினாள். "ஆனா நடுவுல மூச்சு விட்டது நீதான?"

நான் தலையை ஆட்டினேன்.

"எத்தன வருசம் ஒன்னையப் பக்கத்துல வச்சிக் கிள்ளியிருக்கேன். அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? அன்னிக்கு ஸ்பீக்கர்லயே கேட்டேன். மூச்சு விடலன்னு பொய் வேற சொன்ன."

"சும்மா விட்டுட்டோம்மா. ட்ராக்தானேன்னு."

"அத விடு. எங்கேருந்துட்டி ஓடி வந்து பாடுன? அப்பிடி எளைக்குது."

லிஃப்ட் கெட்டுப்போனதைச் சொன்னேன். பக்கத்து வீட்டு வாசலில் இறக்கிய பாத்திரங்களை, கத்திய வீட்டுக்காரரை, அவருடைய மருமகனை, நான்கு மாடியை, குடிக்காத தண்ணீரை. சொல்லச் சொல்ல அழுகை வந்தது. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் அழுதேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார். அம்மா சமாதானம் சொல்லவில்லை. முந்தானையை என் கையில் கொடுத்துவிட்டு, நான் துடைத்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"அடுத்த படத்துக்கு லிஃப்ட் ஓடுத எடமாப் பாரு" என்றாள் பிறகு. "நீதானட்டி மொதலாளி."

சரி என்றேன்.